பாட்டு யாருடையது? கே.ஏ. குணசேகரனின் ஒலிநாடாக்களும் பெயர் விடுபட்ட குரல்களும்



நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் முதன்முதலில் ஒலிநாடாவுக்குப் பாடப் போகும்போது எதைப் பாடுகிறார்? பெரும்பாலும் தான் எழுதியதைப் பாடுவதில்லை. பாட்டியிடம் கேட்டதை, நடவு வயலில் கேட்டதை, கட்சி மேடையில் கேட்டதை, கவிஞர் ஒருவர் எழுதியதைப் பாடுகிறார். இன்றைய இளைஞர்கள் இதைக் 'கவர்' பாட்டு என்கிறார்கள். ஊரில் இதை 'எடுத்துப் பாடுறது' என்போம். இந்த உரை, தலித் கலை வரலாற்றில் பெரிய இடம் வகிக்கும் கே.ஏ. குணசேகரன் எடுத்துப் பாடிய பாட்டுகளைப் பற்றியது. அவற்றை முன்வைத்து ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். பாட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது யாருடைய பெயர் கூடவே போகிறது, யாருடைய பெயர் வழியிலேயே விழுந்துவிடுகிறது?

சேலம், நாமக்கல் சமவெளியில் கூடியிருக்கும் நமக்கு இது வெளியூர்க் கேள்வி அன்று. நம் சேரிகளின் ஒப்பாரியும் தாலாட்டும் கூத்துப் பாட்டும் இன்று கைபேசியில் பதிவாகி யூடியூபில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பதிவு செய்தவர் பெயர் இருக்கிறது. பாடியவர் பெயர் பல நேரங்களில் இல்லை.

பாடகர்

குணசேகரன் 1955 இல் பிறந்தவர். சிவகங்கைச் சீமையில் இளையான்குடி வட்டாரத்துக்காரர். 2005 இல் வெளிவந்த 'வடு' என்ற தன்வரலாற்றில் தன் இளமையை எழுதியிருக்கிறார். இளையான்குடி இசுலாமிய மக்களிடையே தாம் உணர்ந்த மரியாதையையும், சுற்றுக் கிராமங்களில் சாதி இந்துக்களிடம் பட்ட அவமதிப்பையும் அருகருகே வைத்துக் காட்டும் நூல் அது. படிப்புக்காக ஊர் ஊராகப் போனவர், இடதுசாரி மேடைகளில் பாடினார். நாட்டுப்புறவியலை ஆய்வாகவும் எடுத்துக்கொண்டார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார். தமிழின் முதல் தலித் நாடகம் என்று பேசப்படும் 'பலி ஆடுகள்' அவருடையது. புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் என்று உயர்ந்தார். 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார்.

நாடகாசிரியர், ஆய்வாளர், பேராசிரியர் என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. மக்கள் அவரை முதலில் அறிந்தது குரலால்தான். அந்தக் குரல் தொடக்கத்தில் சுமந்தவை பெரும்பாலும் இரவல் பாட்டுகள். அந்த இரவல் இரண்டு வகைப்பட்டது. ஒன்று, உழைக்கும் மக்களிடமிருந்து, குறிப்பாகப் பெண்களிடமிருந்து திரட்டிய பாட்டு. மற்றொன்று, கவிஞர்கள் எழுதிய பாட்டு. இரண்டும் அடுத்தடுத்து ஒலித்தன. ஆனால் இரண்டின் வரலாறும் வேறு வேறு.

'டா' என்ற ஓரெழுத்து

கவிஞர் எழுதிய பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைக் கேட்காத தலித் இயக்க மேடை தமிழ்நாட்டில் அரிது. கீழக்கரையில் 1944 இல் சாகுல் அமீது என்ற பெயரில் பிறந்து, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் இன்குலாப். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைக் கண்டு கொதித்த தலைமுறைக் கவிஞர். அவருடைய பாட்டை மக்களிடம் கொண்டுசேர்த்த குரல் குணசேகரனுடையது. பாட்டு யாருடையது என்று கேட்டால் பாதிப் பேர் இன்குலாப் என்பார்கள், மீதிப் பேர் குணசேகரன் என்பார்கள். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்தத் தலைப்பின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'டா'. நம் பகுதியில் அந்த எழுத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்ணையக்காரர் வீட்டுச் சிறுவன், தன் தாத்தா வயதுள்ள அருந்ததியர் பெரியவரை 'டா' போட்டுக் கூப்பிட்டான். அந்தப் பெரியவர் அந்தச் சிறுவனை 'சாமி' என்று அழைக்க வேண்டியிருந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்த மாணவர்களுக்கு ஆடு மேய்க்கும் பண்ணையத்துச் சிறுவர்களின் அந்த உலகம் தெரிந்திருக்கும். தமிழில் மரியாதை என்பது வினைமுற்றின் விகுதியில் இருக்கிறது. அதனால் அவமரியாதையும் அங்கேதான் இருக்கிறது.

கவிஞர் எழுதியபோது அந்த 'டா' அவர் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுப்பிய கோபம். வாழ்நாளெல்லாம் 'டா' என்று அழைக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்த பாடகர் அதே 'டா'வை ஒலிபெருக்கியில் ஊரைப் பார்த்துத் திருப்பிச் சொன்னபோது, அது வேறொன்றாகிவிட்டது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. மெட்டு அமைந்தது, சொல்லுகிற வாய் மாறியது, அவ்வளவுதான். பாட்டு அதற்குரிய வாய்க்கு வந்து சேர்ந்தது. எடுத்துப் பாடுவதன் முழு வலிமை இதுதான். எழுதியவரின் கருணையாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, பாடியவரின் உரிமைக் குரலாக மாறியது.

இங்கே இன்குலாபின் பெயர் எங்கும் மறையவில்லை. பாட்டைப் பாடுவோர் அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடினார்கள். தலித் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் செல்லும் உரிமையைப் பற்றி அம்ஷன் குமார் 2017 இல் எடுத்த திரைப்படம் அந்தப் பாட்டின் பெயரையே தலைப்பாகத் தாங்கியது. இன்குலாபும் 2016 டிசம்பர் 1 அன்று மறைந்தார். ஒரே ஆண்டின் இரு முனைகளில் எழுதியவரும் பாடியவரும் போனார்கள். பாட்டு இருவர் பெயரோடும் நிற்கிறது.

வயலிலிருந்து வந்த பாட்டு

அடுத்த வகைக்கு வருவோம். நடவுப் பாட்டு, களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு. இவற்றைக் கட்டியவர்கள் பெரும்பாலும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்கள். நாற்று முடியைக் கையில் பிடித்தபடி, குனிந்த முதுகோடு, முதலாளி காதில் விழாதபடி கேலியையும், விழும்படி முறையீட்டையும் பாட்டில் வைத்தவர்கள். இந்தப் பாட்டுகள் ஒலிநாடா உறையில் ஏறியபோது பொதுவாக அந்தக் காலத்தில் அச்சான சொல் 'நாட்டுப்புறப் பாடல்' என்பதே. அதாவது ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வகைப்பெயர் அமர்ந்துகொண்டது.

அச்சுக்குப் போன கவிஞருக்குப் பெயர் தங்கியது. வாய்வழியே வாழ்ந்த பெண்ணுக்குப் பெயர் தங்கவில்லை. இதைத் தனி ஒருவரின் குற்றமாக நான் பார்க்கவில்லை. எழுத்து யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதன் நேரடி விளைவு இது. கல்வி மறுப்பு என்பது பள்ளிக்கூடத்தின் வாசலோடு முடிவதில்லை. பாட்டின் உரிமையையும் அது பறித்துவிடுகிறது.

குணசேகரன் இதற்கு ஒரு வழி கண்டார். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், பாடுகிறவர்களையும் மேடைக்குக் கூட்டிவந்தார். அவருடைய மேடை வழியே வளர்ந்தவர்களில் சின்னப்பொண்ணு ஒருவர். பின்னர் திரைப்படப் பாடகியாகத் தமிழகம் முழுக்க அறியப்பட்டார். பாட்டின் உரிமையாளர் தாமே வந்து நின்று பாடினால், பெயர் எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் மேடைக்கு வந்தவர்கள் சிலர். வயலில் நின்றுவிட்டவர்கள் பல்லாயிரம்.

கேசட் செய்த வேலை

இந்தப் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவியதற்குக் கருவி ஒலிநாடா. அதற்கு முன் இசைத்தட்டு பெரிய முதலாளிகளின் பொருள். இசைத்தட்டுக் கம்பெனியின் அறைக்குள் நுழைய நம்மவர்களுக்கு வழியில்லை. தட்டு வாங்க, ஓட்ட, பணமும் இல்லை. 1980களில் கேசட் மலிந்தது. பதிவு செய்யும் செலவு குறைந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கலாம். வெற்றுக் கேசட்டையும் வேண்டிய பாட்டுகளை எழுதிய சீட்டையும் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு மறுநாள் போய் வாங்கி வந்த தலைமுறை இந்த அரங்கிலேயே இருக்கிறது. லாரிப் பட்டறையும் விசைத்தறியும் நிறைந்த இந்தச் சமவெளியில் டேப் ரெக்கார்டர் என்பது வேலையிடத்துத் தோழன்.

இந்தியக் கேசட் வணிகம் பெருத்ததிலும் எடுத்துப் பாடுதலுக்குப் பெரிய பங்கு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைப் பயன்படுத்தி, பழைய இந்தித் திரைப்பாட்டுகளைப் புதிய குரல்களில் பாடவைத்து மலிவு விலையில் விற்றுத்தான் டெல்லியின் குல்ஷன் குமார் தன் டி-சீரிஸ் நிறுவனத்தை வளர்த்தார். வணிகர்களுக்கு எடுத்துப் பாடுதல் லாபத்தின் வழி. நமக்கு அது இயக்கத்தின் வழி. கருவி ஒன்றுதான். ஒரு மேடைப் பாட்டைப் பத்திரிகை எதுவும் அச்சிடாத காலத்தில், கூலிக்காரர் ஒருவரின் கேசட் அடுத்த ஊர்ச் சேரிக்கு அதைக் கொண்டுபோனது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் எழுந்த தலித் எழுச்சியை எழுதுகிறவர்கள் சிற்றிதழ்களையும் நூல்களையும் குறிப்பிடுகிறார்கள். கேசட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

மெட்டை எடுப்பது யார் செய்தால் தவறு?

நம் ஊரில் பாட்டுக்காரர்களைப் பார்த்து 'சினிமா மெட்டைக் காப்பியடிக்கிறான்' என்று ஏளனம் செய்வதுண்டு. கூத்தில் கோமாளி திரைப்பாட்டு மெட்டில் தன் வரிகளைப் போட்டுப் பாடினால் கலையைக் கெடுத்துவிட்டான் என்பார்கள். சேலத்துக்காரர்கள் இதைச் சொல்லும் முன் ஏற்காடு சாலையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். டி.ஆர். சுந்தரம் 1935 இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் அங்கேதான் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956 இல் அங்கிருந்து வந்தது. அதன் பாட்டுகளில் சில இந்திப் படத்து மெட்டுகள். அது அந்தக் காலத்துத் திரைத்தொழிலின் வழக்கம்; யாரும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. இன்றும் அந்தப் பாட்டுகளை விரும்பிக் கேட்கிறோம்.

பொதுவுடைமை மேடையும் இதையே செய்தது. 1958 இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிப் பிரசாரம் செய்தவர் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். தொழிலாளிக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதிய சொல்லை வைத்தால், சொல் உடனே மனதில் தங்கும். தெரிந்த மெட்டு என்பது திறந்தே இருக்கும் கதவு.

ஆக, ஸ்டுடியோ மெட்டெடுத்தால் தொழில். கட்சி மெட்டெடுத்தால் உத்தி. சேரிப் பாடகர் மெட்டெடுத்தால் மட்டும் காப்பி. மறுபுறம் திரைப்படம் சேரியின் மெட்டை எடுத்தால் அதற்குப் பெயர் 'மண்வாசனை'. ஒரே செயலுக்குச் செய்பவரின் இடத்தைப் பொறுத்து நான்கு பெயர்கள். இந்தப் பெயரிடலில் சாதி வேலை செய்கிறது.

ஓர் அமெரிக்க இசைத்தட்டு

இது நம் நாட்டின் கதை மட்டுமல்ல. நோபல் பரிசு பெற்ற பாப் டிலானின் முதல் இசைத்தட்டு 1962 மார்ச்சில் வெளிவந்தது. 13 பாட்டுகளில் 2 மட்டுமே அவர் எழுதியவை. மற்றவை எடுத்துப் பாடியவை. அவற்றில் பல, புக்கா ஒயிட், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் போன்ற கறுப்பின ப்ளூஸ் பாடகர்களின் வழி வந்தவை. அந்த ஒரே தட்டில் இரண்டு விதமான நடத்தையையும் பார்க்கலாம். ஒரு பாட்டைத் தொடங்கும் முன், அதை எரிக் வான் ஷ்மிட் என்ற நண்பரிடம் கேட்டதாகத் தம் வாயாலேயே சொல்லிவிட்டுப் பாடுகிறார். இன்னொரு பாட்டில், தேவ் வான் ராங்க் என்ற பாடகர் தாமே பதிவு செய்ய வைத்திருந்த இசையமைப்பை, அவர் சம்மதம் பெறாமல் பதிவு செய்துவிட்டார். நட்பில் விரிசல் விழுந்தது.

அந்த இரண்டாவது பாட்டுக்கு இன்னும் ஆழமான ஒரு வேர் உண்டு. 'உதயசூரியன் வீடு' என்று நாம் பெயர்க்கத்தக்க அந்தப் பழம்பாட்டை 1937 இல் ஆலன் லோமாக்ஸ் என்ற சேகரிப்பாளர், கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 16 வயது மகள் ஜார்ஜியா டர்னர் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். 1964 இல் அனிமல்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு அதைப் பாடி உலகப் புகழ் பெற்றது. தட்டில் இசையமைப்பு என்று அச்சானது அந்தக் குழுவின் ஒருவர் பெயர் மட்டும். டர்னரின் பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், சேகரித்தவர் அதைக் குறித்து வைத்தார் என்பதுதான். ஒரு வரிக் குறிப்பு, ஒரு பெண்ணின் பெயரை வரலாற்றில் நிறுத்திவிட்டது. நம் சேரிப் பாட்டிகளுக்கு அந்த ஒரு வரி எழுதப்படவில்லை.

அண்மைக் காலம்

2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரெடுத்த குழு. கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. அதில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோருடன் சேர்ந்த 'என்ஜாயி எஞ்சாமி' மூலம் உலகெங்கும் போனார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் முன்னோரின், தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை. இரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டபோது, யார் எழுதியது, யார் இசையமைத்தது என்ற விவாதம் சமூக ஊடகங்களில் வெடித்தது. மூவரும் தத்தம் தரப்பைச் சொன்னார்கள். அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. இந்த விவாதம் நடக்க முடிந்ததே நமக்கு முக்கியம். ஒரு தலித் கலைஞர் தன் பெயர் விடுபட்டது என்று கேட்டார், நாடே திரும்பிப் பார்த்தது. நடவு வயலில் பாட்டுக் கட்டிய பெண்ணுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவே இல்லை.

பாட்டுக்கு உரிமையாளர் வேண்டுமா?

மாற்றுக் கருத்து ஒன்று உண்டு, மதிப்புள்ள கருத்து. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாட்டுகளை அமைத்தார். தம் பாட்டை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். கர்நாடக இசையைப் போல் இன்னார் கிருதி, மாற்றக் கூடாது என்ற காவல் நாட்டுப்புற இசைக்கு இல்லை. அந்தச் சுதந்திரமே அதன் விடுதலைத் தன்மை என்பது இந்தப் பார்வை. பாட்டுக்கு வேலி போட்டால் நாமும் வேலிக்காரர்கள் ஆகிவிடுவோமே என்ற அச்சம் நியாயமானது.

நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். பாட்டை மாற்றிப் பாடும் உரிமை எல்லாருக்கும் இருக்கட்டும். ஆனால் பாட்டு சந்தைக்குப் போய்ப் பணமும் புகழும் ஈட்டும் இடத்தில், கொடுத்தவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். பெயர் சொல்வது வேலி போடுவதாகாது. அது கடனை ஒப்புக்கொள்வது.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. இயக்கத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957 இன் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியர் தெரியாத பழம்பாட்டுக்குப் பெரிய பாதுகாப்புக் கிடையாது. ஆனால் 1994 திருத்தம் நிகழ்த்துநருக்கு, அதாவது பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும், தனி உரிமை தந்தது. நிகழ்த்துநர் யார் என்ற வரையறையில் பாடகர், இசைஞர் மட்டுமல்ல, பாம்பாட்டியும் வித்தைக்காரரும்கூட இருக்கிறார்கள். 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தாம் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. பாட்டு யார் எழுதியது என்று தெரியாவிட்டாலும், அதை ஒலிப்பதிவுக்குப் பாடிய அம்மாவின் பெயரைப் போட வேண்டும் என்று கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நம் சமவெளியில் செய்ய வேண்டியது

மேட்டூர் பக்கம் ஏர்வாடியிலிருந்து வரும் 'மணல்வீடு' இதழும், மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் களரி அமைப்பும் இந்தப் பகுதிக் கூத்துக் கலைஞர்களின் பெயர்களை அச்சிலும் மேடையிலும் ஏற்றியிருக்கின்றன. பாட்டுக்கும் அந்த வேலை நடக்க வேண்டும். குறிப்பாக அருந்ததியர் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உண்டு. அவர்கள் வீட்டுத் தாலாட்டும் ஒப்பாரியும் அந்த மொழிகளிலும் இருக்கின்றன. 'தமிழ் நாட்டுப்புறப் பாடல்' என்ற பெட்டியோடு வருகிற சேகரிப்பாளர் அவற்றைக் கேட்காமலே திரும்பிவிடுவார். நம் மாணவர்கள் கேட்க வேண்டும்.

கைபேசியில் பதிவு தொடங்கும்போது பாடுகிறவரையே தம் பெயரையும் ஊரையும் சொல்லவிடுங்கள். யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். அந்தப் பெயரும் பதிவாகட்டும். தேதியைச் சொல்லுங்கள். எந்த வேலையின்போது, எந்தச் சாவில், எந்தச் சடங்கில் பாடுவது என்று கேளுங்கள். வெளியிடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒப்பாரி ஒருவரின் துக்கம், அது உங்கள் சேனலின் உள்ளடக்கம் அல்ல. மேடையில் பாடும்போது, இன்ன ஊர் இன்னாரிடம் கேட்டது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பாடுங்கள். இதற்குப் பணம் செலவாகாது, அரை நிமிடம் ஆகும்.

குணசேகரனின் தலைமுறை இரவல் பாட்டைப் பாடி, இரவல் வாங்கிய மேடையில் நின்று, 'டா' என்ற ஓரெழுத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் அடுத்த தலைமுறை சொந்தப் பாட்டு எழுத முடிந்தது. இனி எடுக்கிற ஒவ்வொரு பாட்டோடும் கொடுத்தவர் பெயரையும் எடுத்துச் செல்வது நம் தலைமுறையின் வேலை.

ஜெய்பீம்.